கல்லீரல் புற்றுநோய்க்கு கத்தி இல்லாத சிகிச்சை 4 வகை: விலை கூடினால் பலனும் கூடுமா?

திருச்சி:

"கல்லீரல்ல கட்டி இருக்கு. ஆபரேஷன் பண்ற நிலைமையில இல்ல." டாக்டர் இப்படி சொன்னதும் பல குடும்பங்கள் அங்கேயே இடிந்து உட்கார்ந்து விடுகின்றன. அவர் சொல்லும் அடுத்த வார்த்தை காதில் விழுவதே இல்லை. அந்த அடுத்த வார்த்தை பல நேரங்களில் இதுதான்: "டேஸ் பண்ணி பார்க்கலாம்."

கொஞ்சம் தெளிந்து விசாரிக்க ஆரம்பித்தால் அடுத்த குழப்பம். ஒரு ஆஸ்பத்திரியில் மருந்து ஊற்றி அடைக்கலாம் என்கிறார்கள். இன்னொரு இடத்தில் மருந்து ஏற்றிய மணி வைத்தால் இன்னும் நல்லது என்கிறார்கள். சென்னைக்கு போனால் கதிர்வீச்சு மணி என்று ஒன்றைச் சொல்கிறார்கள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அப்பாவுக்கு விலை குறைந்ததைப் பண்ணி ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று பயந்து நகையை அடகு வைக்கிறவர்களும் உண்டு, நிலத்துக்கு விலை பேசுகிறவர்களும் உண்டு.

விலை அதிகமானது என்பதாலேயே பலனும் அதிகம் என்று இந்த சிகிச்சையில் சொல்ல முடியாது. அதற்கான காரணத்தைப் பார்ப்போம்.

இரண்டு ஆறு, ஒரு தீவு

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிவது திருச்சிக்காரர்களுக்கு தெரிந்த கதை. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, நடுவில் ஸ்ரீரங்கம். கல்லீரலும் ஏறக்குறைய ஸ்ரீரங்கம் மாதிரிதான். அதற்கும் இரண்டு பக்கம் தண்ணீர் வருகிறது. குடலில் இருந்து சத்துக்களை எடுத்து வரும் போர்ட்டல் சிரை என்ற பெரிய ரத்தக்குழாய், கல்லீரலுக்கு வேண்டிய ரத்தத்தில் முக்கால் பங்கைக் கொடுக்கிறது. இதயத்தில் இருந்து வரும் கல்லீரல் தமனி மீதி கால் பங்கைத் தருகிறது.

கல்லீரலிலேயே தோன்றும் புற்றுநோய் கட்டி மட்டும் விசித்திரமானது. அது பெரிய ஆற்றை விட்டுவிட்டு சின்ன ஆற்றில் இருந்துதான் ஏறக்குறைய எல்லா ரத்தத்தையும் உறிஞ்சுகிறது. தீவில் முளைத்த சீமைக்கருவேல மரம் கொள்ளிடத்து தண்ணீரை மட்டும் குடித்து வளருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கொள்ளிடம் பக்கத்து மதகை மூடினால் மரம் காய்ந்துபோகும். மற்ற வயலுக்கெல்லாம் காவிரி தண்ணீர் இருக்கிறது, அது பிழைத்துக்கொள்ளும். எம்போலைசேஷன் எனப்படும் ரத்தக்குழாய் அடைப்பு சிகிச்சையின் மொத்த தத்துவமும் இதுதான்.

சி.டி. ஸ்கேனில் இந்த புற்றுநோயைக் கண்டுபிடிப்பதும் இதை வைத்துத்தான். நரம்பில் சாயம் செலுத்தி மூன்று நான்கு கட்டமாக படம் எடுப்பார்கள். தமனி ரத்தம் முதலில் வருவதால் கட்டி சட்டென்று பளிச்சிடும். கொஞ்ச நேரத்தில் சாயம் வெளியேறி, சுற்றியுள்ள கல்லீரலை விட அது மங்கலாகிவிடும். ஏற்கனவே சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் சுருக்க நோய் உள்ளவருக்கு இந்த அடையாளம் தெளிவாக இருந்தால், பெரும்பாலும் ஊசி குத்தி சதை எடுத்து பரிசோதிக்கவே தேவை இருக்காது. "பயாப்சி பண்ணாமலே புற்றுநோய்னு சொல்லிட்டாங்களே" என்று சந்தேகப்படுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தொடை வழியாக...

இதயத்துக்கு ஆஞ்சியோகிராம் பண்ணிக்கொண்டவர்களுக்கு இது புதிதல்ல. தொடை இடுக்கில் அல்லது மணிக்கட்டில் மரத்துப்போகும் ஊசி போட்டு, தமனிக்குள் மெல்லிய குழாயை நுழைப்பார்கள். அதுதான் கதீட்டர். ஊசியைக் குத்தி, அதற்குள் கம்பியை விட்டு, கம்பி மேல் குழாயை ஏற்றும் இந்த தந்திரத்தை 1953-ல் சுவீடன் நாட்டு டாக்டர் செல்டிங்கர் வெளியிட்டார். இன்றைக்கும் அதே முறைதான்.

குழாய் பெரிய தமனி வழியாக மேலே போய், வயிற்று உறுப்புகளுக்குப் பிரியும் கிளைக்குள் திரும்பி, கல்லீரல் தமனியை அடையும். அங்கிருந்து ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இன்னொரு நுண் குழாயை உள்ளே விட்டு, கட்டிக்குப் போகும் கிளையைத் தேடிப் பிடிப்பார்கள். நோயாளி விழித்துக்கொண்டே இருப்பார். இதைச் செய்வது அறுவை சிகிச்சை நிபுணர் அல்ல, இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட் எனப்படும் கதிரியக்க பிரிவு டாக்டர்.

இந்த இடத்தில்தான் கைத்திறமை. உய்யக்கொண்டான் வாய்க்காலின் தலைமதகையே மூடிவிட்டால் ஊர் முழுக்க தண்ணீர் இல்லை. எந்த வயலில் களை இருக்கிறதோ அந்த வயலின் மடையை மட்டும் மூடினால் பக்கத்து வயலுக்கு பாதகம் இல்லை. நுண் குழாய் கட்டிக்கு எவ்வளவு நெருக்கமாகப் போகிறதோ அந்த அளவுக்கு நல்ல கல்லீரல் தப்பிக்கும். எந்த மருந்து, எந்த மணி என்று ஆராய்வதற்கு முன்னால், இதைச் செய்யும் டாக்டருக்கு கல்லீரல் சிகிச்சையில் எவ்வளவு பழக்கம் என்று கேட்பது முக்கியம். பலருக்கு இதைக் கேட்க கூச்சம். கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சிவப்பு மருந்தும் கசகசா எண்ணெயும்

முதலில் வந்தது வெறும் அடைப்பு. சின்னச் சின்ன துகள்களை விட்டு ரத்தக்குழாயை அடைப்பது, அவ்வளவுதான். மருந்து கிடையாது. ஜப்பானில் ஒசாகாவைச் சேர்ந்த டாக்டர் யமடா, ஜெலட்டின் பஞ்சை வைத்து அடைத்ததோடு புற்றுநோய் மருந்தையும் சேர்த்தார். ஆபரேஷன் செய்ய முடியாத 120 நோயாளிகளுக்குச் செய்த அனுபவத்தை அவர் 1983-ல் வெளியிட்ட பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

அதில் இருந்து வளர்ந்ததுதான் இன்றைய வழக்கமான டேஸ். டாக்ஸோரூபிசின் என்ற சிவப்பு நிற மருந்தை லிப்பியோடால் என்ற எண்ணெயில் கலக்கி கட்டிக்குள் செலுத்துவார்கள். லிப்பியோடால் வேறு ஒன்றும் இல்லை, நம் வீட்டு கசகசா இருக்கிறதே, அந்தச் செடியின் விதை எண்ணெயில் அயோடின் சேர்த்தது. பிரான்சில் 1901-லேயே கண்டுபிடித்தது. கட்டிக்குள் புகுந்த எண்ணெய் அங்கேயே தங்கிவிடும், எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும். பிறகு பஞ்சுத் துகளை விட்டு வாசலை அடைத்துவிடுவார்கள். மருந்து உள்ளே, ரத்தம் வெளியே.

இதனால் ஆயுள் கூடுமா? 2002-ல் இரண்டு ஆராய்ச்சிகள் பதில் சொல்லின. ஸ்பெயின் நாட்டு பார்சிலோனாவில் 112 பேரிடம் நடந்ததில், 2 ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் டேஸ் செய்துகொண்டவர்களில் 63 சதவீதம், அறிகுறிகளுக்கு மட்டும் மருந்து எடுத்தவர்களில் 27 சதவீதம். ஹாங்காங்கில் 80 பேரிடம் நடந்ததில் 31 சதவீதம், 11 சதவீதம். அதுவரை "பண்ணினா பலன் இருக்குமோ என்னமோ" என்று இருந்த நிலை மாறியது இதற்குப் பிறகுதான்.

பார்சிலோனா ஆராய்ச்சியில் பலரும் கவனிக்காத கணக்கு ஒன்று உண்டு. அவர்கள் பரிசோதித்தது 903 பேரை. இந்த சிகிச்சைக்கு சரிப்படுவார்கள் என்று ஆராய்ச்சியில் சேர்த்ததோ வெறும் 112 பேரை. பலனில் பாதி இந்தத் தேர்வில் இருக்கிறது என்றே சொல்லலாம்.

மணிக்குள் மருந்து

எண்ணெயில் கலந்த மருந்து கொஞ்சம் கொஞ்சமாக கசிந்து உடம்பு முழுக்க போய்விடுகிறது என்று ஒரு குறை இருந்தது. அதற்குத் தீர்வாக வந்தது மருந்து மணி. மணல் துகளை விட சிறிய ஜெல் மணிகளில் அதே டாக்ஸோரூபிசினை ஏற்றி உள்ளே விடுவார்கள். மணி அடைக்கவும் செய்யும், மருந்தை பல நாட்களுக்கு மெதுவாக விட்டுக்கொண்டும் இருக்கும். கேட்கும்போது பிரமாதமாக இருக்கிறது. விலையும் அதற்கேற்ப கூடுதல்.

ஐரோப்பாவில் 212 பேரை வைத்து ஒப்பிட்டு 2010-ல் முடிவு வெளியானது. கட்டி சுருங்கியவர்கள் மணி வைத்ததில் 52 சதவீதம், எண்ணெய் முறையில் 44 சதவீதம். இந்த வித்தியாசத்தை தற்செயலானது இல்லை என்று நிரூபிக்க முடியவில்லை. ஆனால் முடி கொட்டுவது போன்ற மருந்தின் பக்கவிளைவுகளும், கல்லீரலுக்கு ஏற்பட்ட பாதிப்பும் மணி வைத்தவர்களுக்கு குறைவு.

இத்தாலியில் 177 பேரிடம் நடந்து 2014-ல் வந்த முடிவு இன்னும் தெளிவு. 2 ஆண்டு உயிரோடு இருந்தவர்கள் மணியில் 56.8 சதவீதம், எண்ணெயில் 55.4 சதவீதம். அதாவது சமம். சிகிச்சைக்குப் பிறகு வலி வந்தவர்கள் மட்டும் மணியில் கால்வாசி பேர், எண்ணெயில் பத்துக்கு ஏழு பேர். ஆக மருந்து மணிக்கு கொடுக்கும் கூடுதல் பணம் வலி குறைவதற்குத்தானே தவிர, ஆயுள் நீள்வதற்கு அல்ல. வயதானவர், இதயம் பலவீனமானவர் என்றால் அந்த வசதிக்காக செலவு செய்வதில் அர்த்தம் இருக்கிறது. மற்றவர்கள் கடன் வாங்கி அதற்குப் போக வேண்டியதில்லை.

இன்னொரு ஆச்சரியம் 2016-ல் வந்தது. அமெரிக்காவில் நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் 101 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப்பேருக்கு மருந்து ஏற்றிய மணி, பாதிப்பேருக்கு மருந்தே இல்லாத மணி. சராசரியாக வாழ்ந்த காலம் ஒரு தரப்பில் 20.8 மாதம், மறுதரப்பில் 19.6 மாதம். மருந்து சேர்த்ததால் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. கட்டியைக் கொல்வது மருந்தா, பட்டினியா என்று டாக்டர்களுக்குள்ளேயே இன்னும் விவாதம் ஓயவில்லை. மருந்து ஒத்துக்கொள்ளாத இதய நோயாளிக்கு வெறும் அடைப்பு செய்யலாம் என்று டாக்டர் சொன்னால், "ஏதோ மட்டமானதை நம்ம தலையில கட்டுறாங்க" என்று நினைக்க வேண்டாம்.

கதிர்வீச்சு மணி

நாலாவது வகைதான் இப்போது அதிகம் பேசப்படுகிறது. 'ஒய்-90' என்று ரிப்போர்ட்டில் எழுதியிருப்பார்கள். இட்ரியம்-90 என்ற கதிரியக்கப் பொருள் கலந்த கண்ணாடி அல்லது பிசின் மணிகள் அவை. இவற்றின் வேலையே வேறு. ரத்த ஓட்டத்தை நிறுத்துவது இதன் நோக்கம் அல்ல. கட்டிக்குள் போய் உட்கார்ந்து உள்ளிருந்தே கதிர்வீச்சு கொடுப்பதுதான் நோக்கம். கதிர் பாயும் தூரம் சராசரி இரண்டரை மில்லிமீட்டர்தான். 64 மணி நேரத்துக்கு ஒருமுறை அதன் வீரியம் பாதியாகும். இரண்டு வாரத்தில் ஏறக்குறைய எல்லாம் தீர்ந்துவிடும்.

ஒரே நாளில் முடிகிற காரியம் இல்லை இது. முதலில் ஒத்திகை நடக்கும். கதீட்டர் வழியாக ஒரு சோதனைப் பொருளைச் செலுத்தி, அது கட்டியிலேயே தங்குகிறதா, இல்லை நுரையீரலுக்கும் வயிற்றுக்கும் வழிந்து போகிறதா என்று ஸ்கேனில் பார்ப்பார்கள். நுரையீரலுக்கு நிறையப் போனால் சிகிச்சையை ரத்து செய்துவிடுவார்கள். ஒத்திகைக்கான செலவு செய்த பிறகு "உங்களுக்கு இது முடியாது" என்று சொல்லும் வாய்ப்பும் இருக்கிறது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவது நல்லது. சரிப்பட்டால் இன்னொரு நாளில் நிஜ மணி. அதன் பிறகு சில நாட்களுக்கு கைக்குழந்தை, கர்ப்பிணி பக்கத்தில் நெருங்கி இருக்கக்கூடாது. பேரப்பிள்ளையை மடியில் வைக்க கொஞ்ச நாள் பொறுக்க வேண்டும்.

பலன் எப்படி? பெல்ஜியத்தில் 72 பேரை வைத்து மருந்து மணியோடு ஒப்பிட்டு 2022-ல் வெளியான ஆராய்ச்சியில், கட்டி மறுபடி வளரத் தொடங்க கதிர்வீச்சு மணியில் 17 மாதம் ஆனது, மருந்து மணியில் ஒன்பதரை மாதம். நல்ல வித்தியாசம்தான். ஆனால் சின்ன ஆராய்ச்சி. நோய் முற்றியவர்களிடம் சோராஃபெனிப் மாத்திரையோடு ஒப்பிட்டு பிரான்சிலும் ஆசிய நாடுகளிலும் நடந்த பெரிய ஆராய்ச்சிகளில் கதிர்வீச்சு மணி ஆயுளைக் கூட்டவில்லை. மாத்திரையை விட உபத்திரவம் குறைவு, அதுதான் லாபம். ஒரே ஒரு கட்டி, 8 சென்டிமீட்டருக்குள், கல்லீரல் நல்ல நிலையில் என்றால் இதற்கு நல்ல இடம் உண்டு என்பதை 2022-ல் திருத்தப்பட்ட பார்சிலோனா வழிகாட்டுதல் ஒப்புக்கொண்டுள்ளது.

வெளிநாட்டில் இருந்து இறக்குமதி செய்வதால்தான் இதற்கு பல லட்சம் ஆகிறது. மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம் இந்த கண்ணாடி மணியை நம் நாட்டிலேயே தயாரிக்கும் முறையை உருவாக்கி 'பாபாஸ்பியர்' என்று பெயர் வைத்துள்ளது. செல்லும் ஆஸ்பத்திரியில் உள்நாட்டு மணி கிடைக்குமா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம்.

காவிரியும் அடைத்திருந்தால்?

மேலே சொன்ன இரண்டு ஆறு கணக்கை மறுபடி நினைத்துப் பாருங்கள். கொள்ளிடத்தை மூடும் தைரியம் எங்கிருந்து வந்தது? காவிரி ஓடுகிறது என்ற நம்பிக்கையில். சில நோயாளிகளுக்கு கட்டி போர்ட்டல் சிரைக்குள்ளேயே வளர்ந்து அதை அடைத்திருக்கும். அவர்களுக்கு தமனியையும் அடைத்தால் கல்லீரலுக்கு இரண்டு பக்கமும் தண்ணீர் இல்லை, மொத்த தீவும் காய்ந்துவிடும். கல்லீரல் செயலிழந்து உயிருக்கே ஆபத்து. முக்கிய போர்ட்டல் சிரை அடைபட்டவருக்கு வழக்கமான டேஸ் செய்ய டாக்டர்கள் தயங்குவது இதனால்தான். ரத்த ஓட்டத்தை நிறுத்தாத கதிர்வீச்சு மணியை அவர்களில் சிலருக்கு யோசிப்பதும் இதே காரணத்தால்தான். அங்கே விலை கூடிய சிகிச்சைக்கு நியாயம் இருக்கிறது.

மஞ்சள் காமாலை ஏறி இருப்பவர், வயிற்றில் நீர் கோர்த்து மாத்திரைக்கும் கட்டுப்படாதவர், நினைவு தடுமாறுபவர், படுத்த படுக்கையாக இருப்பவர் ஆகியோருக்கு இந்த நாலில் எதைச் செய்தாலும் நன்மையை விட தீமையே அதிகம். அவர்கள் விஷயத்தில் "வேண்டாம்" என்று சொல்லும் டாக்டர் கைவிட்டு விட்டார் என்று அர்த்தம் இல்லை. பித்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்கள், பித்தக்குழாய் ஆபரேஷன் செய்தவர்கள் அதை மறக்காமல் சொல்ல வேண்டும். அவர்களுக்கு அடைப்புக்குப் பிறகு கல்லீரலில் சீழ் கட்டும் அபாயம் அதிகம்.

மாற்று கல்லீரலுக்காக டிரான்ஸ்டானில் பதிவு செய்து காத்திருப்பவர்களுக்கும் கட்டி வளர்ந்து வாய்ப்பு கைநழுவாமல் இருக்க இதே டேஸ் செய்வதுண்டு. இப்போது டேஸோடு நோய் எதிர்ப்பு மருந்துகளைச் சேர்த்தால் கட்டி வளராமல் இருக்கும் காலம் கூடுகிறது என்று 2025 தொடக்கத்தில் இரண்டு பெரிய ஆராய்ச்சிகள் வெளியாகி உள்ளன. மருந்தின் விலை சாதாரண குடும்பத்துக்கு எட்டாக்கனி என்பதால் அதை இத்தோடு விட்டுவிடலாம்.

காய்ச்சல் வந்தால்...

டேஸ் முடிந்த அன்று இரவே காய்ச்சல், வலது பக்க வயிற்றுவலி, குமட்டல் வரலாம். நிறைய பேருக்கு வரும். கட்டி சாகும்போது உடம்பு காட்டும் எதிர்வினை அது. ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். தொடை வழியாகச் செய்திருந்தால் சில மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும். ஒரு வாரம் தாண்டியும் குளிர் ஜுரம், கண் மஞ்சளாவது, வயிறு வீங்குவது, கருப்பாக மலம் போவது, சம்பந்தம் இல்லாமல் பேசுவது இருந்தால் ஒரு நிமிடம்கூட தாமதிக்கக் கூடாது.

4 முதல் 6 வாரத்தில் மறுபடி ஸ்கேன். "கட்டி அதே சைஸ்லதான் இருக்கு, பணம் வீண்" என்று ரிப்போர்ட்டைப் பார்த்து அழுகிறவர்கள் உண்டு. அளவைப் பார்க்காதீர்கள். சாயம் ஏறுகிறதா என்று பாருங்கள். சாயம் ஏறாத பகுதி செத்த பகுதி. மீதி இருந்தால் இன்னொரு முறை செய்வார்கள். இரண்டு முறை செய்தும் பலன் இல்லை என்றால் மூன்றாவது முறைக்கு பணம் கட்டும் முன், மருந்துக்கு மாறலாமா என்று கேட்க வேண்டும்.

கீழாநெல்லி விஷயம்

கல்லீரல் என்றதும் நம்ம ஊரில் முதலில் நினைவுக்கு வருவது கீழாநெல்லி. அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஹெபடைடிஸ் பி கிருமியை இது விரட்டுகிறது என்று சென்னை விஞ்ஞானிகள் 1988-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதியபோது உலகமே கவனித்தது. பிறகு வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் அதே அளவுக்கு கிடைக்கவில்லை. எப்படி இருந்தாலும், வளர்ந்துவிட்ட புற்றுநோய் கட்டிக்கு அது மருந்து என்று யாரும் நிரூபிக்கவில்லை. மூன்று மாதம் இலைச்சாறு குடித்துவிட்டு வந்தால், டேஸுக்கு சரியாக இருந்தவர் சரிப்படாதவர் ஆகிவிடுவார். கல்லீரல் சுருக்கம் உள்ளவர்கள் 6 மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டும் ஏ.எஃப்.பி. ரத்தப் பரிசோதனையும் செய்துகொண்டால் கட்டி சின்னதாக இருக்கும்போதே சிக்கும்.

கையில் எடுத்துப்போக வேண்டியது

ஸ்ரீரங்கம் அரசு ஆஸ்பத்திரியிலோ, புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு ஆஸ்பத்திரியிலோ முதலில் காட்டி, அங்கிருந்து எந்த மையத்துக்குப் போகலாம் என்று கேட்டு பரிந்துரை கடிதத்தோடு போவது அலைச்சலைக் குறைக்கும். நம் மாநிலத்தில் வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளில் இதற்கென்று தனிப் பிரிவு உண்டு. முதல்-அமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை உண்டு. ஆனால் எந்த வகை அடைப்பு சிகிச்சை அதில் வரும், அந்த ஆஸ்பத்திரிக்கு அனுமதி இருக்கிறதா என்பதை அட்மிட் ஆகும் முன்பே காப்பீட்டு கவுண்ட்டரில் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். பில் வந்த பிறகு ஓடி பயன் இல்லை.

சி.டி. எடுத்த இடத்தில் பிலிமை மட்டும் வாங்கி வராமல் சி.டி. தட்டையும் கேட்டு வாங்குங்கள். போர்ட்டல் சிரை திறந்திருக்கிறதா, கட்டி எத்தனை, கல்லீரலின் பலம் எந்த நிலையில் உள்ளது என்ற மூன்றுக்கும் விடை அதிலும் ரத்தப் பரிசோதனை சீட்டிலும்தான் இருக்கிறது. தட்டு இல்லாமல் வேலூரோ சென்னையோ போனால் அங்கே மறுபடியும் ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள், அதற்கு ஒரு தனிச் செலவு, தனி நாள்.